இரண்டாவது செவ்வாயும் 11-ம் தேதியும்: மாமா வீட்டுச் சிஸ்டத்தில் விண்டோஸ் அப்டேட் நின்றுபோனால்

விண்டோஸுக்கான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. இரண்டாவது செவ்வாய் 8-ம் தேதிக்கு முன்னால் வராது, 14-ஐத் தாண்டிப் போகாது. அமெரிக்க மேற்குக் கரையில் அது வெளியாகும் காலை 10 மணி என்பது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை, அங்கே குளிர்காலமானால் பதினொன்றரை. அதனால் புதன் காலை கடையைத் திறந்து சிஸ்டத்தைப் போட்டதும் இறங்க ஆரம்பிக்கும். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள் 11. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் பனியன் யூனிட், கரூரில் பெட்ஷீட் தைத்து அனுப்பும் இடம், ஈரோட்டு மஞ்சள் மண்டி, பல்லடத்துத் தறிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் கணக்கு மென்பொருளான டேலி ஓடுவது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். அது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. "கண்ணு, அப்டேட் ஆவுல ஆவுலங்குது, ரிட்டர்ன் போடோணும், என்ன பண்றது?" என்று மாமாவோ பெரியப்பாவோ கூப்பிடுவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான்.

கூப்பிட்டதும் "ரீட்ரை அமுக்குங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை தோற்ற அப்டேட் அதே நிலைமையில் மறுபடியும் தோற்கும். ஒவ்வொரு தோல்விக்கும் பாதி நிறுவி, திரும்பப் பிரித்து, பழைய வட்டை (ஹார்ட் டிஸ்கை) அரைத்தெடுக்கும். முதலில் எண்ணைக் கேளுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி. தோற்ற அப்டேட்டுக்குப் பக்கத்தில் தேதியோடு ஒரு பிழை எண் இருக்கும். அந்தத் திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும், படித்துக் காட்டச் சொல்ல வேண்டாம், எட்டு எழுத்தில் ஒன்று மாறிவிடும். எல்லா எண்ணும் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். இங்கே அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுகிறேன்.

எண் வந்த பிறகும் நேராகச் சாஃப்ட்வேருக்குள் போகாமல் கரண்ட், இடம், தேதி, வட்டு என்ற வரிசையில் பார்ப்பதே சரி. நம் பக்கத்துச் சிஸ்டங்களில் கோளாறு பெரும்பாலும் இந்த நாலில் அகப்பட்டுவிடும்.

முதலில் கரண்ட். துணை மின்நிலையம் வாரியாக மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். "நாளை மின்தடை" பட்டியல் முந்தின நாள் பேப்பரில் வந்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் அப்டேட்டைத் தொடக்கக் கூடாது. தோட்டத்து வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. கிணற்று மோட்டார் எடுக்கும் நொடியில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். லைட் ஒரு மினுக்கு மினுக்கினால் நமக்குத் தெரியும், 35 சதவீதத்தில் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு அது ரீஸ்டார்ட்.

"எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குதே" என்பார்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் ஈகோ அல்லது நார்மல் என்று எழுதியிருக்கும். ஈகோவில் இருந்தால் வரும் கரண்ட் ரொம்ப இறங்கினாலும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறவும் கூடுதல் நேரம் எடுக்கும். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லி விநாடி. ஃபேனும் லைட்டும் அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழும். ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறிவிடும், மாறும் நேரமும் குறையும். தனியாக 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அதன் உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும், மேலே பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அப்டேட்டுக்கு முன்னால், டேலியை மூடிவிட்டு, சுவர் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் நிற்கவில்லை என்றால் அந்த யூபிஎஸ்ஸை நம்பி எதையும் தொடங்காதீர்கள். மடிக்கணினியானால் சார்ஜரில் போட்டே ஆகவேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் (மதர்போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் வருவதுண்டு, அது நடக்கையில் கரண்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட்டை எப்போது அணைக்கலாம் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கேபினெட் முகப்பில் உள்ள வட்டு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று திரையில் வந்தால் கட்டாயம் கைவைக்கக் கூடாது, அந்த நேரத்தில் அணைத்ததால் எழாமல் போனவைதான் அதிகம். மூன்று மணி நேரமாக விளக்கு அசையவே இல்லை, எண்ணும் நகரவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கலாம்.

சரிசெய்ய உட்காருவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று டேலி பேக்கப். எல்லாக் கம்பெனியையும் தேர்ந்து, டேலிபிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அமுக்கி, பேக்கப் எடுத்து, பென்டிரைவில் போட்டு, அந்தப் பென்டிரைவைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். டி டிரைவில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது, இரண்டும் ஒரே வட்டின் இரண்டு பாகங்கள். ஆடிட்டருக்கு ஒரு காப்பி மெயிலில் போனால் இன்னும் நல்லது.

இரண்டாவது பிட்லாக்கர் சாவி, அதாவது விண்டோஸ் வட்டுக்குப் போடும் பூட்டின் சாவி. புது மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் வட்டு தானாகவே பூட்டிக்கொள்வதுண்டு. அப்டேட்டோ பயாஸ் மாற்றமோ நடந்தபின் நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் இருக்கும். வாங்கிய கடையில் யாரோ தம் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால் சாவியும் அவரிடமே இருக்கும். இப்போதே உறவினரின் சொந்தக் கணக்கு எது என்று பார்த்து, சாவியை ஒரு தாளில் எழுதிப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். இது இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

அடுத்தது இடம். 80070070 என்று வந்தால் சி டிரைவில் இடமில்லை என்று அர்த்தம், அதில் சந்தேகமே வேண்டாம். மாத அப்டேட்டுக்குப் பத்து ஜிபியாவது, பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்கு இருபது ஜிபிக்கு மேலும் காலி வைத்துக்கொள்வது நல்லது. சி டிரைவை நிரப்பும் ஆட்களைத் தேட வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாண வீடியோ, சீர் வரிசை போட்டோ, சிசிடிவியிலிருந்து எடுத்த துண்டுகள், வாட்ஸ்அப்பில் வந்த பில்கள். டெஸ்க்டாப்பில் வைப்பது எல்லாம் சி டிரைவில்தான் உட்காருகிறது என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்துங்கள்.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அழித்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்தே போகும். இ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர் எல்லாம் நம் ஆட்கள் வைத்திருப்பது அங்கேதான். அந்த டிக்கை எடுத்துவிட்டு மற்றதை அழியுங்கள். பழைய விண்டோஸ் பதிப்பு என்று ஒரு வரி பத்து இருபது ஜிபி காட்டினால், முந்தைய பதிப்புக்குத் திரும்பத் தேவையில்லை என்று உறுதியான பின் அதையும் எடுக்கலாம். பெரிய அப்டேட்டுக்குப் பின் பத்து நாள் வரைதான் அந்தத் திரும்பும் வழி திறந்திருக்கும்.

தேதியை யாரும் பார்ப்பதில்லை. 80072எஃப்8எஃப் என்ற எண் வந்தால் முதலில் திரையின் வலது மூலைக் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று விண்டோஸ் முடிவு கட்டி, தொடர்பையே மறுத்துவிடும். வங்கித் தளமும் ஜிஎஸ்டி தளமும் அதே நேரத்தில் திறக்காது, அதுதான் அடையாளம். தேதியைச் சரிசெய்து, நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்று பார்த்து, சிங்க் நவ் அமுக்கினால் அன்றைக்குத் தீரும். மறுநாள் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் பழைய வருடத்துக்குத் திரும்பினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையில் கிடைக்கும், மூன்று வோல்ட். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, பேட்டரி ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் எகிறி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே பார்க்க வைத்து அழுத்துங்கள். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியை வைக்கும்போது சாட்டா முறை (மதர்போர்டு வட்டோடு பேசும் விதம்) என்ன என்பதையும் பாருங்கள். முன்பு ஏஹெச்சிஐயில் இருந்து இப்போது வேறொன்றுக்கு மாறியிருந்தால் விண்டோஸ் எழாது. பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து வைப்பது இதற்குத்தான்.

நெட் பற்றிச் சுருக்கமாக: 80072இஇ2 என்பது சர்வரோடு பேசக் காத்திருந்து ஓய்ந்துபோனது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் ஒரு ஜிபி இறங்க ஒன்றரை நாள் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிப் போவதே சுலபம். வைஃபையின் தன்மைகளில் மீட்டர்டு கனெக்ஷன் (டேட்டாவை மிச்சம் பிடிக்கும் அமைப்பு) யாராவது போட்டு வைத்திருந்தாலும் அப்டேட் இறங்காமல் நிற்கும்.

இனி வட்டு. மூன்று மாதமாக வெவ்வேறு எண்ணோடு தோற்கிறது, சிஸ்டமும் மந்தமாகிவிட்டது என்றால் விண்டோஸைச் சந்தேகிக்காதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் குட் என்று இருந்தால் சரி. மஞ்சளில் காஷன் என்று வந்து, ரீஅலோகேட்டட் அல்லது பெண்டிங் செக்டர் (கெட்டுப்போன, கெட்டுவரும் இடங்கள்) எண்ணிக்கை ஏறியிருந்தால் வட்டு சாகத் தொடங்கிவிட்டது. அப்டேட் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படித்து எழுதுவதால் கெட்ட இடத்தை முதலில் தொடுவது அதுதான். அந்த நிலையில் எந்த ரிப்பேரும் ஓட்டக் கூடாது. தரவை வெளியே எடுத்து, 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாற்றுவதே முடிவு. வட்டு நன்றாகவே இருந்தாலும், ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 11 ஓட்டும் உறவினருக்கு இந்த மாற்றத்தைச் சொல்லத் தயங்காதீர்கள், வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது.

நாலும் சரி என்று தெரிந்த பிறகே சாஃப்ட்வேர். சிஸ்டத்தில் சொருகியிருக்கும் பிரின்டர், டோக்கன், பென்டிரைவ், பார்கோட் ரீடர் எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள், கீபோர்டும் மவுஸும் போதும். சி1900101 என்று தொடங்கும் எண் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடிப்பது, பாதி நேரம் இந்தப் பிடுங்கலிலேயே தீர்ந்துவிடும். காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் முழுதாக நீக்குங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும்.

80070422 என்றால் அப்டேட் சர்வீஸையே யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட் என்ற வரியை டிசேபிள்டிலிருந்து மேனுவலுக்கு மாற்றவும்.

இறங்கிய கோப்பே கெட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். அதே சர்வீசஸ் சாளரத்தில் விண்டோஸ் அப்டேட்டையும், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸையும் நிறுத்துங்கள். சி டிரைவ், விண்டோஸ், சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், டவுன்லோட் என்று உள்ளே போய் அங்கே இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று தடுத்தால் சர்வீஸ் தானாக எழுந்துவிட்டது, மறுபடி நிறுத்திவிட்டுச் சட்டென்று அழிக்க வேண்டும். பிறகு ரீஸ்டார்ட்.

80073712, 800எஃப்081எஃப் இரண்டும் விண்டோஸின் உட்கிடங்கே பழுதாகிவிட்டது என்பதைச் சொல்கின்றன. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இரண்டு கட்டளைகள். முதலில் டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அது முடிந்த பின் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் (sfc /scannow). இவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. வரிசை முக்கியம். எஸ்எஃப்சி கெட்ட கோப்புக்கு மாற்றை எடுப்பது உட்கிடங்கிலிருந்து, கிடங்கை டிஸ்ம் சரிசெய்யாமல் அதை ஓட்டுவதில் பயனில்லை. டிஸ்ம் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நிற்பதுண்டு, மூடிவிடாதீர்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் பலர் ஃபார்மேட் என்று கிளம்புவார்கள். அதற்கு முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, அதில் விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய் என்ற வரியில் ரீஇன்ஸ்டால் நவ். டேலி, பிரின்டர், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்க, விண்டோஸை மட்டும் மேலே போட்டுவிடும். பல ஜிபி இறங்கும். அந்த வரி இல்லாத சிஸ்டத்தில் முழு விண்டோஸும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதை இரட்டைச் சொடுக்கில் திறந்து, செட்டப்பை ஓட்டலாம். மொழியைக் கவனியுங்கள்: இப்போது இருப்பது அமெரிக்க ஆங்கிலமா, இன்டர்நேஷனல் ஆங்கிலமா என்று பார்த்து அதையே இறக்க வேண்டும். மாறிவிட்டால் ஆப்ஸ்களை வைத்துக்கொள் என்ற தேர்வு மங்கிப்போகும். அப்படி மங்கியிருந்தால் தொடராமல் வெளியே வந்துவிடுங்கள்.

அப்டேட் முடிந்து சிஸ்டமே எழவில்லை என்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அமுக்கி அணைப்பதை மூன்று முறை செய்தால் ரிகவரித் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், கடைசிக் குவாலிட்டி அப்டேட் (மாத அப்டேட்). சாவி கேட்டால் அந்த 48 இலக்கம் இங்கேதான் உதவும்.

கோவையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இதைச் செய்பவர்களுக்கு தூரத்திலிருந்தே எதிர்முனைத் திரையைப் பார்த்து இயக்க விண்டோஸில் உள்ள க்விக் அசிஸ்ட் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் அமுக்கினால் திறக்கும். உதவுபவர் மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும், ஆறு எழுத்துக் குறியீட்டைப் போனில் சொன்னால் எதிர்முனை அதை அடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். குறியீடு பத்து நிமிடம்தான் செல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் தொடர்பு அறுந்துவிடும், அதன் பிறகு நீலத்திரையில் நடப்பதை வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்க்க முடியும். அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: "நீங்களாக நம்மைக் கூப்பிட்டால்தான் குறியீடு, வேறு யார் போன் பண்ணிக் கேட்டாலும் கொடுக்காதீங்க."

சில சிஸ்டங்களில் இதெல்லாம் பலிக்காது. பாதியை வெட்டியெடுத்த "லைட்" விண்டோஸ் போட்டிருந்தால் அப்டேட்டுக்கான பாகங்களே உள்ளே இருக்காது, ஒரிஜினலைப் புதிதாகப் போடுவது ஒன்றே வழி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்டது, அதில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர வேண்டும். சேராத சிஸ்டத்தில் மாத அப்டேட் வராததைக் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி வட்டு, பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து. தடையைச் சுற்றிக்கொண்டு பழைய பெட்டியில் போட்டால் பெரிய பதிப்புகள் தாமாக வராது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு கோர் 2 டியோ என்ற பழைய பிராசஸரில் பூட்டே ஆகாது.

வேலை முடிந்ததும் பிடுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொருகி, பில் ஒன்றைப் பிரின்ட் எடுத்து, டேலியைத் திறந்து கடைசி என்ட்ரி இருக்கிறதா என்று பார்த்து, டோக்கனை ஜிஎஸ்டி தளத்தில் ஒருமுறை காட்டிவிட்டு எழுங்கள். அடுத்த மாதத்துக்கு: 7-ம் தேதி வாக்கில் பாஸ் அப்டேட்ஸில் ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம், ரிட்டர்ன் போன பின்பு ரிசியூம் அமுக்கினால் அப்டேட் இறங்கிவிடும். ஐந்து வாரம் வரை அது அனுமதிக்கும், ஆனால் அவ்வளவு தூரம் தள்ளாதீர்கள், பேங்க் வேலை நடக்கும் சிஸ்டம் அது. 11-ம் தேதிக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு, தறியும் தையலும் நின்றிருக்கும் நேரம், பெரும்பாலான மாதங்களில் அப்டேட்டுக்குத் தோதான நாள். 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு வருவதற்குள் ஏதாவது இடறினாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.